முட்டை எவ்வளவு தண்ணீர் பிடிக்கும்?

நீர்கொழும்பிலிருந்து சிலாபம் போகும் வீதியில் மா ஓயாவைக் கடந்தால் புத்தளம் மாவட்டம் தொடங்கிவிடும். வென்னப்புவ, மாரவில என்று ஊர்கள் வரிசையாக வரும். தென்னந்தோப்புகளுக்கு நடுவே நிற்கும் பெரிய மாடி வீடுகளில் பல, இத்தாலியில் உழைத்த காசில் எழுந்தவை. வென்னப்புவவைக் குட்டி இத்தாலி என்றே இலங்கையில் சொல்வார்கள். 1970களின் பிற்பகுதியில் கத்தோலிக்கத் திருச்சபையின் தொடர்புகள் வழியாகத் தொடங்கிய அந்தப் பயணம் இன்னும் நிற்கவில்லை. இத்தாலியில் வாழும் இலங்கையர் தொகை இன்று ஒரு லட்சத்தை ஒட்டியது. மிலான், நாப்போலி, வெரோனா, கத்தானியா போன்ற நகரங்களில் வீட்டு வேலையும் முதியோர் பராமரிப்பும்தான் அவர்களில் மிகப் பலருக்கு வாழ்வாதாரம். அதனால் இத்தாலியச் சமையலை அவர்கள் உணவகத்தில் கற்கவில்லை. வயதான இத்தாலியப் பெண்கள் சமைக்கும் அடுப்படியில், பக்கத்தில் நின்று கற்றார்கள்.

ஃபிரிட்டாட்டா அப்படிப்பட்ட அடுப்படிப் பண்டம். மிஞ்சிய மரக்கறி, சீஸ் துண்டின் காய்ந்த முனை, நாலைந்து முட்டை, ஒரு தாச்சி ஆகியவை போதும். முட்டைப் பொரியலைப் போல மடித்து எடுப்பதில்லை. இரண்டு விரல் கனத்தில், மெல்லிய சூட்டில் மெதுவாக இறுக விட்டு, கேக் போலத் துண்டு போடுவார்கள். ஞாயிறு பூசை முடிந்து வீடு திரும்பி, காலைச் சாப்பாட்டுக்கும் மதியச் சோற்றுக்கும் இடையில் பத்துப் பதினொரு மணிக்குப் பசிக்கும் வயிற்றுக்கு இது மிகப் பொருத்தம். இந்தக் கரையில் அதற்கு வேண்டிய பொருள் எதற்கும் பஞ்சமில்லை. குருநாகலும் புத்தளமும் சேர்ந்த வடமேல் மாகாணம் இலங்கையின் முட்டைக் களஞ்சியம். மரக்கறி கற்பிட்டியிலிருந்து வரும். உப்பு பாலாவி உப்பளத்தில் விளையும். தேங்காய்க்குக் கேட்கவே வேண்டாம். 1929இல் தொடங்கிய தென்னை ஆராய்ச்சி நிலையமே லுணுவிலவில்தான் இருக்கிறது.

இத்தனை இருந்தும், செய்து பார்த்தவர்கள் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள். ஒன்று, வெட்டியதும் தட்டில் மஞ்சள் தண்ணீர் பரவுகிறது. இல்லையென்றால் றப்பர் போல இழுக்கிறது. பார்க்க இரண்டு வியாதிபோல் தெரியும். காரணம் ஒன்றுதான். முட்டைப் புரதத்துக்குத் தண்ணீரைப் பிடித்து வைக்க ஓர் எல்லை உண்டு. நாம் அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறோம்.

கணக்கைப் பார்த்துவிடலாம். ஓடு நீங்கலாக ஒரு முட்டை சுமார் 50 கிராம். ஆறு முட்டை 300 கிராம். அதில் ஏறத்தாழ 228 கிராம் வெறும் தண்ணீர். புரதம் 37, 38 கிராம்தான். அதாவது ஒரு பங்கு புரதம் ஆறு பங்கு தண்ணீரைத் தாங்கி நிற்க வேண்டும். பச்சை முட்டையில் இந்தப் புரத மூலக்கூறுகள் ஒவ்வொன்றும் சுருண்டு, தனித்தனியாக நீரில் மிதக்கின்றன. சூடு ஏறினால் சுருள் அவிழும். அவிழ்ந்த இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு ஒரு வலையாகும். மீன்பிடி வலையின் கண்ணை எண்ணிக்கொள்ளுங்கள்: முட்டை வலையின் கண்ணுக்குள் சிக்கியிருப்பது மீன் இல்லை, தண்ணீர். கண் அகலமாக இருக்கும்வரை தண்ணீர் உள்ளே அமைதியாக நிற்கும். தொட்டால் குழையும், வெட்டினால் நிற்கும். சூடு மேலும் ஏறினால் இழைகள் இன்னும் நெருங்கும், கண் சுருங்கும், தண்ணீர் வெளியே பிதுங்கும். தட்டில் பரவியது அந்தத் தண்ணீர். தாச்சியில் மிஞ்சியது, தண்ணீரை இழந்து இறுகிய வலை. றப்பர் என்று நாம் திட்டுவது அதைத்தான்.

எல்லாப் புரதமும் ஒரே சூட்டில் அவிழ்வதில்லை என்பதுதான் சமைப்பவருக்குக் கிடைத்த வாய்ப்பு. வெண்கருவில் உள்ள ஓவோட்ரான்ஸ்ஃபெரின் 61 பாகை செல்சியஸ் அளவிலேயே அவிழத் தொடங்கிவிடும். வெண்கருப் புரதத்தில் பாதிக்கு மேல் இருக்கும் ஓவல்புமின் 80 பாகை வரை தாக்குப்பிடிக்கும். மஞ்சட்கரு 65இல் தடிக்கத் தொடங்கி 70இல் இறுகும். இரண்டையும் அடித்துக் கலந்தால், கலவை 73 பாகையை ஒட்டி இறுகும். ஆக, 73க்கும் 80க்கும் இடையில் உள்ள ஒடுக்கமான இடைவெளிதான் நமக்குரியது. அடுப்பு எரியும் தீயின் சூட்டையும் தாச்சி உலோகத்தின் சூட்டையும் நினைத்தால் இது எவ்வளவு சின்ன இடைவெளி என்பது விளங்கும். மெல்லிய தீ என்று பாட்டிமார் அடித்துச் சொன்னதற்குப் பின்னால் இந்த ஏழு பாகை இருக்கிறது.

புத்தளத்து முஸ்லிம் வீடுகளில் பெருநாளுக்கு வட்டிலப்பம் அவிப்பவர்களுக்கு இதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. முட்டை, கித்துல் கருப்பட்டி, தேங்காய்ப்பால் மூன்றையும் கலந்து ஆவியில் இறுக வைப்பதும் இதே வலை பின்னும் வேலைதான். கொதி மிஞ்சினால் வட்டிலப்பத்தில் துளை விழும், ஓரத்தில் பாகு கசியும். துளை விழுந்தால்தான் வட்டிலப்பம் என்று வாதிடுவோரும் இருக்கிறார்கள். அது ருசியின் பிரச்சினை. விஞ்ஞானப்படி, அந்தத் துளைகள் நீராவி தப்பிப்போன வழிகள்.

எல்லையைக் கொஞ்சம் தள்ளிவைக்க மூன்று உபாயம் உண்டு.

முதலாவது உப்பு. முட்டைப் புரதங்கள் பெரும்பாலும் மறை ஏற்றம் கொண்டவை, ஒன்றையொன்று தள்ளும். உப்பின் அயன்கள் அந்த ஏற்றத்தைச் சுற்றி மறைத்துவிடுவதால் புரதங்கள் முழுவதும் அவிழ்வதற்கு முன்னரே, இறுக்கமில்லாமல், ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும். வலை பின்னப்படும், ஆனால் கண் அகலமாக. தேசிக்காய்ச் சாறு சில துளி விட்டாலும் இதுவே நடக்கும். எனவே முட்டையை அடித்து, உப்புப் போட்டு, கால் மணி நேரம் வைத்துவிட்டுச் சமைப்பது நல்லது. உப்பளத்துக் கல்லுப்பு என்றால் முன்னரே சிறிது நீரில் கரைத்துக்கொள்ளுங்கள். பெரிய பளிங்கு முட்டைக் கலவையில் சட்டென்று கரையாது, ஒரு வாயில் கரிக்கும், மறு வாயில் சப்பென்றிருக்கும்.

இரண்டாவது, கொழுப்போடு கூடிய ஒரு நீர்மம். இத்தாலியில் பாலோ கிறீமோ சேர்ப்பார்கள். இந்தக் கரையில் முதற்பால் இருக்கும்போது வேறு எதற்கு? தண்ணீர் விடாமல் பிழிந்த கெட்டித் தேங்காய்ப்பாலில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. புரத இழைகளுக்கு இடையில் கொழுப்புத் துளிகள் புகுந்து, அவை ஒன்றோடொன்று நெருங்குவதைத் தடுக்கும். கலவை இறுகும் வெப்பநிலையும் சில பாகை உயரும். தேங்காய்ப்பாலின் சொந்தப் புரதமும் 80 பாகையை ஒட்டித் திரியும். பால் விட்டபின் கறியைக் கொதிக்க விடாதே என்பார்களே, அந்த எல்லை. முட்டைக்கும் தேங்காய்ப்பாலுக்கும் எல்லை ஏறத்தாழ ஒன்றாக அமைந்தது எவ்வளவு வசதி! ஒன்றுக்குப் பக்குவமான சூடு மற்றதற்கும் பக்குவம். ஆறு முட்டைக்கு நான்கு மேசைக்கரண்டிக்கு மேல் வேண்டாம். கூடினால் பிடிக்க வேண்டிய தண்ணீரும் கூடிவிடும்.

மூன்றாவது மாப்பொருள். அவித்த உருளைக்கிழங்கு இரண்டு துண்டு போதும். மாப்பொருள் மணிகள் சூட்டில் வீங்கி நீரை உறிஞ்சிக்கொள்ளும். கசியப்போகும் தண்ணீருக்கு அங்கே இன்னொரு காவல். நாப்போலியில் முதல்நாள் மிஞ்சிய பாஸ்டாவை முட்டையில் போட்டு ஃபிரிட்டாட்டா செய்வார்கள். அது நீர் விடுவதே இல்லை என்பதற்கு இதுவே காரணம். நம் வீடுகளில் இராச் சாப்பாட்டில் மிஞ்சிய இடியப்பம் அதே வேலையைச் செய்யும். நாப்போலியில் வாழ்ந்து திரும்பியவர்கள் இதைச் செய்து பார்க்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

இனி மரக்கறி. ஃபிரிட்டாட்டா கெடுவது பெரும்பாலும் இங்கேதான்.

கற்பிட்டித் தீவக்கற்பம் முழுவதும் மணல். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் புத்தளம் களப்பு. மழைநீர் மணலில் இறங்கி, அடியில் இருக்கும் உப்பு நீரின் மேல் ஒரு வில்லையாக மிதக்கும். நன்னீர் இலேசானது, உப்பு நீர் கனமானது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது அடி நன்னீர் இருக்கும் என்பது நீரியலில் நன்கு தெரிந்த கணக்கு. அந்த மெல்லிய வில்லையிலிருந்து இறைத்த தண்ணீரில்தான் அங்கே சின்ன வெங்காயம், மிளகாய், பீட்ரூட், கோவா, பூசணி எல்லாம் விளைகின்றன. மணல் எதையும் தடுத்து வைக்காது. போடும் உரம் நீரோடு இறங்கிவிடும். கற்பிட்டிக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. நம் தட்டுக்கு வரும் மரக்கறியின் சாறு அந்த ஊர் மக்கள் குடிக்கும் அதே நீர் என்பதால், சமையலைப் பற்றி எழுதும்போதும் இதைச் சொல்லாமல் கடக்க எனக்கு மனம் வரவில்லை.

தக்காளியில் 94 சதவீதம் தண்ணீர். கத்தரிக்காயிலும் கோவாவிலும் 92 சதவீதம், பூசணியிலும் அதற்குக் கிட்ட. 200 கிராம் தக்காளியைப் பச்சையாக அரிந்து முட்டையில் போடுகிறீர்கள் என்றால், 188 கிராம் தண்ணீரை ஊற்றுகிறீர்கள். ஆறு முட்டையில் ஏற்கெனவே இருந்த 228 கிராமோடு அதையும் அந்த 38 கிராம் புரதம் தாங்க வேண்டும். முடியவே முடியாது. ஆரம்பத்தில் அந்தத் தண்ணீர் கலங்களுக்குள் பூட்டிக் கிடக்கிறது என்பதால் கலவையைப் பார்க்கும்போது தெரியாது. 60 பாகையைக் கடந்ததும் கலமென்சவ்வுகள் சிதைந்து, உள்ளிருந்த நீர் எல்லாம் வெளியேறும். முட்டை இறுகத் தொடங்கும் அதே நேரத்தில்! இதைவிட மோசமான நேரம் வேறில்லை.

ஆகவே மரக்கறியின் தண்ணீரை முட்டைக்கு முன்பே வெளியேற்றிவிட வேண்டும். அரிந்து உப்புத் தூவிப் பத்து நிமிடம் வைத்தால் பிரசாரணத்தால் ஒரு பங்கு நீர் கசிந்துவிடும், பிழிந்தெடுக்கலாம். மீதியைத் தாச்சியில் திறந்த வாயோடு வதக்கி விரட்ட வேண்டும். வதங்கும்போது காதைக் கொடுங்கள். நீர் இருக்கும்வரை சலசலப்பாகச் சத்தம் கேட்கும். நீர் வற்றியதும் சத்தம் மெலிந்து, எண்ணெய் பொரியும் ஒலியாக மாறும். அதுவரை மரக்கறியின் சூடு நீரின் கொதிநிலையை விட்டு மேலே போகாது. நீர் போனபின்தான் 140 பாகையை எட்டி, 1912இல் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மயார் விளக்கிய பழுப்பு வினை தொடங்கும். வெங்காய ஓரம் பொன்னிறமாகும், மணம் எழும்.

எந்த மரக்கறி நல்லது என்று கேட்டால் தயங்காமல் சின்ன வெங்காயம் என்பேன். பெரிய வெங்காயத்தில் 89 சதவீதம் நீர், சின்ன வெங்காயத்தில் 80தான். மிச்சமெல்லாம் இனிப்பும் மணமும். அடுத்தது முருங்கை இலை. கீரை வகையில் நீர் குறைந்தது, உதிர்த்துப் போட்டால் இரண்டு நிமிடத்தில் சுருண்டுவிடும். கறிமிளகாய் வதங்கினால் அருமை. கத்தரிக்காய் பஞ்சு போலக் காற்றறைகள் கொண்டது, எண்ணெயைக் குடித்துவிடும். முதலில் உப்புப் போட்டு அறைகளை ஒடுக்கிவிட்டுப் பொரித்தால் குறையும். பீட்ரூட் வேண்டாம். அது இறைக்கும் சிவப்பு, முட்டையின் மஞ்சளைப் பார்க்க விரும்பாத நிறமாக்கிவிடும்.

சீஸைப் பற்றி நம்மவர் மனதில் ஒரு எண்ணம் உண்டு: எல்லாச் சீஸும் உருகும். அப்படி இல்லை. சீஸ் என்பதும் ஒரு புரத வலை. கேசீன் என்ற பாற்புரதத்தைக் கல்சியம் இணைத்துப் பிடித்திருக்கிறது, கண்களுக்குள் பாற்கொழுப்பும் நீரும். 32 பாகையை ஒட்டிக் கொழுப்பு உருகும். சித்திரை மாதத்துப் புத்தளத்தில் சீஸை மேசையில் வைத்தாலே வியர்ப்பது அதனால். வலையே நெகிழ்ந்து ஓடுவதற்கு இன்னும் சூடு வேண்டும். நீர் அதிகமுள்ள மென்மையான சீஸ் 55 பாகையில் நெகிழும். செடார் போன்றது 65இல். பார்மேசான் போன்ற வறண்ட பழைய சீஸ் 82இல்.

இப்போது முட்டையின் எண்ணை நினைவில் கொள்ளுங்கள். நடுப்பகுதி 73, 74க்கு மேல் போகக் கூடாது. அப்படியானால் செடார் உள்ளே உருகி ஓடும், பார்மேசான் உருகாது. அதை மிக நுண்ணியதாகத் துருவிக் கலந்தால் சுவையை மட்டும் தரும், அதற்கே அதைப் போடுகிறார்கள். பனீர், றிக்கொட்டா போல அமிலத்தால் திரிய வைத்தவை எந்தச் சூட்டிலும் உருகாது. அமிலம் கல்சியத்தைக் கரைத்து வெளியேற்றிவிட்டதால், அங்கே நெகிழ வேண்டிய இணைப்பே இல்லை. சூடேற ஏற நீரைத்தான் விடும். வெண்மையான துண்டுகளாக வாயில் படட்டும் என்று விரும்பினால் பனீர் போடலாம், பிழிந்துவிட்டுப் போடுங்கள்.

ஊர்க் கடைகளில் எளிதில் கிடைப்பது பதப்படுத்திய சீஸ். இதை மட்டமாக நினைப்பவர் பலர். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1911இல் சுவிற்சர்லாந்தின் தூன் நகரில் வால்டர் கெர்பர், ஃபிரிட்ஸ் ஸ்டெட்லர் என்ற இருவர், வெப்ப நாடுகளுக்கு அனுப்பினாலும் கெடாத சீஸ் வேண்டும் என்று முயன்று, சோடியம் சித்திரேற்றுச் சேர்த்து உருக்கி இதை உருவாக்கினார்கள். நம்மைப் போன்ற நாடுகளை எண்ணிப் பிறந்த பொருள் அது. சித்திரேற்று கல்சியத்தைப் பற்றிக்கொள்வதால் கேசீன் விடுபட்டு, கொழுப்பையும் நீரையும் பிரியாமல் அணைத்து வைத்திருக்கும். உருகும்போது எண்ணெய் கக்காது. ஃபிரிட்டாட்டாவுக்குள் அது மெழுகாகப் பரவும். உப்பு அதில் கூடுதல் என்பதால் முட்டைக்குப் போடும் உப்பைக் குறைத்துவிட வேண்டும். பச்சை மிளகாய் போடுவோருக்கு இன்னொரு நன்மை: உறைப்பைத் தரும் கப்சைசின் நீரில் கரையாது, கேசீனும் கொழுப்பும் அதைப் பற்றிக்கொள்ளும். காரம் நாக்கில் குத்தாமல் பரவலாகத் தெரியும்.

மேல்பகுதி எப்படி வேகும் என்பதுதான் கடைசிச் சிக்கல். ஆங்கில சமையல் நூல்கள் அவனில் வைக்கச் சொல்லும். இத்தாலிய வீடுகளில் பெரும்பாலும் தட்டால் மூடிக் கவிழ்த்து, மறுபக்கத்தைத் தாச்சியில் சறுக்கி விடுவார்கள். நம்மிடம் முட்டை அப்பம் சுட்ட அனுபவம் இருக்கிறது. அப்பச்சட்டியை மூடினால் நடுவில் உள்ள முட்டையின் மேல்புறமும் வெந்துவிடுகிறதே, அங்கே வேலை செய்வது நீராவியின் மறைவெப்பம். ஒரு கிராம் நீராவி ஒடுங்கித் தண்ணீராகும்போது சுமார் 2,257 ஜூல் வெப்பத்தை விடும். 54 கிராம் தண்ணீரை 10 பாகை சூடாக்க அது போதும். மூடியின் கீழ் குளிர்ந்த முட்டைப் பரப்பில் ஆவி படிந்து, இந்த வெப்பத்தை நேரே அங்கே கொடுக்கிறது. முற்காலத்தில் மூடியின் மேல் சிரட்டைத் தணலும் போட்டு அப்பம் சுட்டது மேலிருந்தும் சூடு கொடுக்கவே. மூடியில் ஒடுங்கிய நீர் சொட்டி மேற்பரப்பைக் குழப்பாதிருக்க, மூடியைச் சுத்தமான துணியால் சுற்றிக் கட்டிவிடுங்கள்.

செய்முறையை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். ஆறு முட்டையை நுரை பொங்காமல், வெள்ளையும் மஞ்சளும் கலக்கும் அளவுக்கு அடித்து, அரைத் தேக்கரண்டிக்குக் குறைவான உப்பும் நான்கு மேசைக்கரண்டி முதற்பாலும் சேர்த்து வையுங்கள். நுரையாக அடித்தால் அடுப்பில் காற்று விரிந்து பொங்கி, இறக்கியதும் அமுங்கிவிடும். தேங்காயெண்ணெயில் கைநிறையச் சின்ன வெங்காயம், இரண்டு கறிமிளகாய், கறிவேப்பிலை போட்டு நீர் வற்ற வதக்கி, முருங்கை இலையும் அவித்த உருளைக்கிழங்குத் துண்டுகளும் சேர்த்து, ஆற விடுங்கள். சூடான மரக்கறியை முட்டையில் கொட்டினால் அது தொட்ட இடமெல்லாம் கட்டி விழும். ஆறியபின் 75 கிராம் துருவிய சீஸோடு முட்டையில் கலந்து, கனமான தாச்சியில் எண்ணெய் தடவி ஊற்றுங்கள். அகப்பையால் ஓரத்தை ஒரு நிமிடம் நடுவுக்கு இழுத்துக் கொடுங்கள். பிறகு தீயை முழுவதும் தணித்து மூடி, பத்துப் பன்னிரண்டு நிமிடம். நடுப்பகுதி இலேசாகத் தளும்பும்போதே அடுப்பை அணைத்துவிட வேண்டும். ஓரத்தில் உள்ள சூடு நடுவை நோக்கி நகர்ந்து மிச்சத்தை முடித்துவிடும். ஐந்து நிமிடம் கழித்து வெட்டுங்கள். ஆறும்போது வலை இன்னும் உறுதிப்படும், துண்டு உடையாது.

அதிகம் வெந்துவிட்டால், பச்சையும் சாம்பலும் கலந்த ஒரு நிறம் தோன்றும். வெண்கருப் புரதத்தில் உள்ள கந்தகம் ஐதரசன் சல்பைட்டாகப் பிரிந்து, மஞ்சட்கருவின் இரும்போடு சேர்ந்த கறை அது. தீங்கில்லை.

தீங்கு வேறிடத்தில் உண்டு. முட்டையில் சல்மொனெல்லா பற்றீரியா இருக்கக்கூடும். நடுப்பகுதி 71 பாகையைத் தொட்டால் அது அழியும். பக்குவமான ஃபிரிட்டாட்டா 73இல் இருப்பதால் அந்தப் பயமில்லை. ஆனால் வெந்தபின் மேசையில் கிடக்கும் நேரத்தில் மற்றக் கிருமிகள் மீண்டும் குடியேறும். 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையில் அவை பெருகும், 30 பாகை பகல் அவற்றுக்கு மிகவும் உகந்தது. இத்தாலியர் ஆறிப்போன துண்டைப் பாணுக்குள் வைத்துப் பயணத்துக்கு எடுத்துப் போவார்கள். அதே பழக்கத்தோடு காலையில் செய்ததைப் பையில் வைத்துக்கொண்டு தலவில அன்னம்மாள் திருவிழாவுக்குப் பஸ் ஏற நினைப்பவர்கள், இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். இல்லையென்றால் குளிரூட்டியில் வைத்திருந்து, மறுநாள் மூடிய தாச்சியில் ஆவி வரச் சூடாக்கிச் சாப்பிடலாம். அப்போது கொஞ்சம் இறுகியிருக்கும். பக்கத்தில் கட்டைச் சம்பல் இருந்தால் குறை தெரியாது.